திரைத் தேர்வுக் கமிட்டியின் ஒன்பது கூட்டங்கள்

மனித குலம் இதுவரை எடுத்த முடிவுகளில் மிக ஆழமாக யோசித்து எடுக்கப்பட்டது எது என்று யாராவது கேட்டால், நான் கொஞ்சமும் கூச்சமில்லாமல் எங்கள் வீட்டு முன்னறையைக் கைகாட்டுவேன். போர் தொடுப்பதற்கே இரண்டு வாரம் போதும் என்று நினைக்கிற நாடுகள் இருக்கின்றன. அம்மா பார்ப்பதற்கு டிவி வாங்குவதா, கம்ப்யூட்டர் மானிட்டர் வாங்குவதா என்று தீர்மானிக்க நாங்கள் ஒன்பது கூட்டங்களும் மூன்று மாதங்களும் எடுத்துக்கொண்டோம். எதிலும் அவசரப்படாத குடும்பம் எங்களுடையது.

எல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் தொடங்கியது. அம்மா தன் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து செய்தி பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பத்தோரு வருடம் தபால் நிலையத்தில் கடிதம் பிரித்தவள் அம்மா. எப்பேர்ப்பட்ட கிறுக்கல் முகவரியையும் ஒரே பார்வையில் படித்துவிடுவாள் என்று அங்கே பெயரெடுத்தவள். அவள் திடீரென்று சொன்னாள்:

"டேய், இந்த டிவியில நடுவுல என்னமோ அழுக்கு மாதிரி இருக்கு. செய்தி வாசிக்கிற பொண்ணு மூஞ்சியே தெரியல."

நான் எழுந்து துணியால் துடைத்தேன். "இப்போ?"

"இப்பவும் இருக்கு."

அதற்கு மேல் துடைக்கிற அதிகாரம் எனக்கு இல்லை. வீட்டில் மூத்தவர் அண்ணன். ஒரு பெரிய அலுவலகத்தில் கொள்முதல் பிரிவுத் தலைவர். அலுவலகத்துக்கு நாற்காலி வாங்க அவர் பதினோரு மாதம் எடுத்துக்கொண்டார். அதற்குள் மூன்று பேர் நின்றுகொண்டே பணி ஓய்வு பெற்றார்கள். ஆனால் வந்த நாற்காலிகள் இன்றுவரை ஆடவில்லை. அப்படிப்பட்டவரிடம் விஷயம் போனதும், அன்று மாலையே 'திரைத் தேர்வுக் கமிட்டி' உதயமாகிவிட்டது.

தலைவர் அண்ணன். உறுப்பினர்கள் அக்காவும் அத்தானும். அக்கா ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்ப்பவள். யார் எந்தப் பக்கம் பேசினாலும் "அதுவும் சரிதான்" என்று சொல்லி ஒற்றுமையைக் காப்பாற்றுகிறவள். அத்தான் கம்ப்யூட்டர் இன்ஜினியர். வீட்டில் அவருக்கு 'பிக்சல்' என்று பெயர். கல்யாண ஆல்பத்தைப் பார்த்துவிட்டுக்கூட ரெசல்யூஷன் போதாது என்று சொன்ன மனிதர். நகராட்சி ஆவண அறையில் எழுத்தராக இருக்கும் நான் கமிட்டியின் செயலாளர். நடவடிக்கைக் குறிப்பு எழுதுவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது என்பதைத் தன்னடக்கத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

அம்மா கமிட்டியில் இல்லை. அவள் 'பயனாளி'. பயனாளியைக் கமிட்டியில் சேர்ப்பது விதிகளுக்குப் புறம்பானது என்று அண்ணன் விளக்கினார். அம்மா டீ போட்டுக்கொண்டு வந்தாள்.

முதல் கூட்டத்திலேயே தத்துவ மோதல் வெடித்தது.

"மச்சான், டிவிங்கறது பழைய காலத்துச் சமாச்சாரம்" என்றார் பிக்சல் அத்தான். "மானிட்டர்தான் எழுத்து எழுத்தா தெளிவா காட்டும். பக்கத்துல உட்கார்ந்து பாக்கலாம். தேவையில்லாத விளம்பரம் எதுவும் தானா வந்து குதிக்காது."

"மாப்ளே, மானிட்டருக்கு ரிமோட் உண்டா?" என்று கேட்டார் அண்ணன்.

"கிடையாது."

"ரிமோட் இல்லாத ஒரு சாமானை நம்ம குடும்பத்துல வச்சா, யாரு எதுக்காகச் சண்டை போடறது? அதுல சத்தமும் வராது. தனியா ஸ்பீக்கர் வாங்கணும். அதுக்கு இன்னொரு கமிட்டி போடணும்."

"அதுவும் சரிதான்" என்றாள் அக்கா.

இரண்டாவது கூட்டம் 'பார்வைத் தூரம்' என்ற ஒரே பொருளுக்காகக் கூட்டப்பட்டது. எத்தனை அடி தள்ளி உட்கார்ந்தால் எத்தனை அங்குலத் திரை வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறதாம். அண்ணன் டேப் பிடித்து, நாற்காலியிலிருந்து சுவர்வரை அளந்தார். ஏழடி நான்கு அங்குலம். குறித்துக்கொண்டேன். அடுத்த வாரம் சரிபார்த்தபோது ஆறடி. அதற்கடுத்த வாரம் நாலரை.

"யாரு நாற்காலியை நகர்த்தறது?" என்று அண்ணன் கோபப்பட்டார்.

"நான்தான்டா. தள்ளி உட்கார்ந்தா ஒண்ணுமே புரியல" என்றாள் அம்மா.

"நீ இப்படி முன்னாடி முன்னாடி போனா எங்க கணக்கு என்னம்மா ஆகறது?"

நான்கு கால்களைச் சுற்றியும் அண்ணன் சாக்பீஸால் வட்டம் போட்டார். நாற்காலி இனி வட்டத்தை விட்டு வெளியே வரக்கூடாது என்று தீர்மானம் எண் ஐந்து ஏகமனதாக நிறைவேறியது. அம்மா பழைய இடத்துக்கே போய் உட்கார்ந்தாள். அன்றிலிருந்து டிவியைப் பார்க்காமல் காதால் கேட்க ஆரம்பித்தாள். பயனாளியின் ஒத்துழைப்புக்குக் கமிட்டி நன்றி தெரிவித்தது.

மூன்றாவது கூட்டத்தில் பயனாளி தாமாகவே ஒரு முக்கியத் தகவலை அளித்தார்.

"கீழ ஓடற எழுத்தெல்லாம் நெளியுதுடா. நேர்க்கோடு பாம்பு மாதிரி வளையுது."

பிக்சல் அத்தான் துள்ளிக் குதித்தார். "பாத்தீங்களா? நான் சொன்னேன்ல! தட்டையான திரையோட லட்சணம் இதுதான். வளைஞ்ச மானிட்டர் வாங்கினா, வளையறதும் வளையறதும் சேர்ந்து நேராயிடும்!"

இது விஞ்ஞானமா என்று எனக்குத் தெரியாது. ஆனால் கம்பீரமாக இருந்ததால் அப்படியே எழுதிக்கொண்டேன். அப்போதுதான் அம்மா டீத் தட்டைக் கீழே வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்:

"எனக்கென்னமோ என் கண்ணுலதான் கோளாறோன்னு தோணுது. டாக்டர்கிட்ட ஒரு நடை போயிட்டு வரலாமா?"

அண்ணன் கையிலிருந்த தாளைப் புரட்டினார். "அது இன்னிக்கு அஜெண்டாவுல இல்லையேம்மா. டேய் தம்பி, 'இதர விஷயங்கள்'ல போட்டுக்கோ."

போட்டுக்கொண்டேன். 'இதர விஷயங்கள்' என்பது எந்தக் கூட்டத்திலும் கடைசியில் வருவது. அது வருவதற்குள் டீ தீர்ந்துவிடும். அத்தான் செருப்பைத் தேட ஆரம்பித்துவிடுவார். ஆகவே மூன்றாவது கூட்டத்திலிருந்து ஒன்பதாவது கூட்டம்வரை ஏழு முறை, 'அம்மாவின் கண் — நேரமின்மையால் ஒத்திவைக்கப்பட்டது' என்று அழகான கையெழுத்தில் எழுதியிருக்கிறேன். அம்மா தனியாகவே போயிருப்பாள். ஆனால் சாலையைக் கடக்க இப்போதெல்லாம் அவளுக்குத் துணை வேண்டியிருந்தது. துணைக்குப் போக வேண்டியவர்கள் எல்லாரும் கமிட்டியில் இருந்தோம்.

இதற்கிடையே அம்மா டீயைக் கோப்பையில் ஊற்றாமல் பக்கத்தில் ஊற்றினாள். மேஜை சமமாக இல்லை என்று கண்டறிந்து, ஒரு காலுக்கு அடியில் அட்டையை மடித்து வைத்தோம். வாசலில் வந்து நின்ற என்னைப் பார்த்து "யாருங்க?" என்று கேட்டாள். வாசல் விளக்கை மாற்றினோம். எந்தப் புகாரையும் நாங்கள் கிடப்பில் போட்டதில்லை.

ஆறாவது கூட்டம் கடையிலேயே நடந்தது. சுவர் முழுக்கத் திரைகள். எல்லாவற்றிலும் ஒரே கிளி ஒரே நேரத்தில் சிறகடித்தது. நாங்கள் நால்வரும் கிளியின் இறகை ஒரு மணி நேரம் எண்ணினோம். விற்பனையாளர் பொறுமைசாலி. இரண்டாவது முறை கிளி பறந்து முடித்ததும் கேட்டார்:

"சார், வீட்ல யாரு பாக்கறதுக்கு?"

"எங்க அம்மா."

"அவங்க வரலையா?"

"அவங்களுக்கு இதைப் பத்தி என்ன தெரியும்?" என்றார் அண்ணன்.

விற்பனையாளர் கிளியை மறுபடியும் முதலிலிருந்து போட்டார்.

ஒன்பதாவது கூட்டத்தில் டிவி வென்றது. இரண்டுக்கு ஒன்று, அக்கா இரண்டு பக்கமும் கை தூக்கியதால் அவளது வாக்கு செல்லாது. தோற்றாலும் பிக்சல் அத்தான் பெருந்தன்மையோடு தானே நின்று சுவரில் மாட்டினார். திரை அவ்வளவு பெரிது, அவ்வளவு தெளிவு. செய்தி வாசிக்கும் பெண்ணின் புருவ முடியை எண்ணலாம். அண்ணன் அம்மாவைச் சாக்பீஸ் வட்டத்துக்குள் உட்கார வைத்துவிட்டு, பாராட்டைப் பெற்றுக்கொள்ளக் கையைக் கட்டி நின்றார்.

அம்மா நெடுநேரம் பார்த்தாள். எங்கள் மனம் நோகக்கூடாதே என்று அவள் தயங்கியது எனக்குத் தெரிந்தது.

"நல்லாருக்குப்பா. ஆனா இதுலயும் அதே அழுக்கு இருக்கே."

அவசரக் கூட்டம் கூடியது. பேனல் கோளாறு என்று அண்ணன் முழங்கினார். அன்றே புகார் பறந்தது. மறுநாள் காலையில் மெக்கானிக் ஒருவர் பையோடு வந்தார். திரையை மேலும் கீழும் பார்த்தார். வெள்ளை வைத்தார், கறுப்பு வைத்தார், சிவப்பு வைத்தார். "டிவியில ஒரு குறையும் இல்ல சார்" என்றார்.

"அப்புறம் எப்படி அழுக்கு தெரியுது?" என்று அண்ணன் உறுமினார். "உங்க கம்பெனி மேல எழுதுவேன்!"

மெக்கானிக் அதைக் காதில் வாங்கவில்லை. டிவியை அணைத்துவிட்டு, அம்மாவுக்கு எதிரே தரையில் மண்டி போட்டு உட்கார்ந்தார். மூன்று மாதத்தில் எங்களில் ஒருவருக்கும் தோன்றாத ஒரு காரியத்தைச் செய்தார்.

"அம்மா, டிவியை அணைச்சுட்டேன். இப்போ என் மூஞ்சியப் பாருங்க. தெரியுதா?"

அம்மா உற்றுப் பார்த்தாள். "காது ரெண்டும் தெரியுது தம்பி. மூக்கு இருக்கற எடத்துல அழுக்கு இருக்கு."

மெக்கானிக் எழுந்து பையை எடுத்துக்கொண்டார். "சார், இது எங்க சர்வீஸ்ல வராது. இன்னிக்கே கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க."

கூட்டம் இல்லாமல், தீர்மானம் இல்லாமல், முதல் முறையாக நாங்கள் ஒரு காரியம் செய்தோம். நால்வரும் அம்மாவை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனோம். வழியில் டிவியைப் பற்றிப் பேசாமல் எங்களுக்குப் பேச என்ன இருக்கிறது என்று தெரியவில்லை.

கண் டாக்டர் எங்களைவிட இளையவள். கட்டம் போட்ட ஒரு தாளை அம்மாவிடம் காட்டி, ஒவ்வொரு கண்ணாக மூடச் சொல்லி, "கோடு நேரா இருக்கா, வளையுதா?" என்று கேட்டாள். அம்மா, எங்களிடம் மூன்று மாதமாகச் சொன்ன அதே பதில்களைச் சொன்னாள். டாக்டர் ஒவ்வொன்றையும் கேட்டுத் தலையாட்டினாள். ஒன்றைக்கூட 'இதர விஷயங்கள்' என்று ஒதுக்கவில்லை.

பிறகு விளக்கைப் போட்டுவிட்டு எங்கள் பக்கம் திரும்பினாள்.

"கண்ணுக்குப் பின்னாடி ரத்தக் கசிவு. வலது கண்ணுக்கு இன்னிக்கே ஊசி போட ஆரம்பிச்சா காப்பாத்தலாம். இடது கண்ணுல தழும்பு விழுந்துடுச்சு. அதுல நடுப் பார்வை இனி திரும்பாது."

அக்கா அழ ஆரம்பித்தாள். அண்ணன் சுவரைப் பார்த்தார். முகவரி படிப்பதில் பெயரெடுத்த அந்தக் கண்ணை எங்கள் வீட்டு முன்னறையில், டீ குடித்துக்கொண்டே, நாங்கள் தொலைத்திருந்தோம். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"எப்போ இருந்து இப்படி இருக்கு?" என்று கேட்டாள் டாக்டர்.

தேதி எனக்கு மனப்பாடம். கிழமை, மணியோடு சொன்னேன்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தாள். "மூணு மாசம்! உடனே வந்திருந்தா ரெண்டு கண்ணுமே பிழைச்சிருக்கும். படிச்சவங்க நாலு பேரு வீட்ல இருந்துக்கிட்டு, இவ்வளவு நாள் என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

அம்மா கையை நீட்டி, காற்றில் துழாவி, டாக்டரின் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"அவங்களைத் திட்டாதீங்கம்மா. பாவம், பசங்க ஒண்ணும் சும்மா இருக்கல. நான் சொன்ன அன்னைக்கு சாயங்காலமே கமிட்டி போட்டுட்டாங்க."