கடைசித் தோணிக்கு ஓடியவன்

இருபத்துநான்கு வயதுவரை நான் ஒரு படத்தையும் முழுதாகப் பார்த்ததில்லை. ஆனால் பார்த்த எல்லாவற்றுக்கும் முடிவு சொல்லியிருக்கிறேன்.

குற்றம் வாவியுடையது. உலக யுத்தம் முடிந்த காலம். எங்கள் ஊர் வாவிக்கு மேற்கே, படுவான்கரையில். படக்கொட்டகை அக்கரையில், மட்டக்களப்பில். பகல் காட்சி முடிவதற்குள் பொழுது சாய்ந்து, துறையில் கடைசித் தோணி போய்விடும். ஆகவே கதாநாயகியின் கஷ்டம் உச்சத்துக்கு ஏறும் நேரம் பார்த்து நான் எழும்பி ஓடுவேன். முடிவைத் தோணியில் இருந்து நானே கட்டுவேன். (ஊரில் அதைக் கேட்டு அழுதவர்களும் உண்டு.)

இந்தப் பெருமையோடுதான், கொட்டகை இருக்கும் அதே அக்கரையில், நாவற்குடாவுக்குப் பெண் பார்க்கப் போனேன். அவளைக் கோயிலில் இரண்டு தரம் கண்டிருந்தேன். கட்டினால் அவளைத்தான் என்றிருந்தேன். அதனாலேயே பயம். கேட்டதற்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டினேன். என்னைக் காப்பாற்ற நினைத்த தாய்மாமன், "படத்துக்கு அபிப்பிராயம் சொல்றதில மருமகன் சூரன்" என்றார்.

பெண்ணின் தகப்பனார் நிமிர்ந்தார். "போன கிழமைப் படம் எப்பிடித் தம்பி?"

"முடிவு அருமை ஐயா. புருஷன் திரும்பி வந்து அவள்ற கையால சோறு திண்ணக்குள்ள எனக்கு அழுகை வந்திட்டு."

தகப்பனார் முன்னால் சாய்ந்தார்.

"அவள் செத்த பிறகுதானே தம்பி அவன் வாறான்?"

"அது... கனவில ஐயா."

"கனவா? நான் முடியுமட்டும் இருந்தனே!"

இனி ஒளிக்க இடமில்லை. "தோணி போயிரும் எண்டு இடையில ஓடிட்டன் ஐயா."

அவர் என் முகத்தை உற்றுப் பார்த்தார். "அப்ப, ஒவ்வொரு படத்திலயும் என்ட காலை மிதிச்சிட்டு ஓடுறது நீங்கதானா?" காலை நீட்டினார். பெருவிரல் நகம் கறுத்திருந்தது.

"நீ எனக்குச் சொன்ன முடிவெல்லாம்?" என்றார் மாமா, பரிதாபமாக.

உள்ளேயிருந்து தாயாரின் குரல்: "பொய்காரனுக்கோ புள்ளையக் குடுக்கிற?"

எல்லாம் போயிற்று என்று சால்வையை எடுத்தேன். அப்போதுதான் கதவுக்குப் பின்னாலிருந்து அவள் சொன்னாள்: "கலியாணம் முடிஞ்சா இஞ்சதானேம்மா இருக்கப்போறார். மறுகா என்னத்துக்குத் தோணி?"

(எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்குக் குடிபோவார். அந்த வழக்கத்தை உண்டாக்கியவர் நீடூழி வாழ்க!)

கலியாணத்துக்குப் பிறகு குடும்பமாகப் போய் முதல்முறையாக ஒரு படத்தை முடியுமட்டும் பார்த்தேன். மாமனார் மட்டும் இரண்டு கால்களையும் தான் இருந்த வாங்குக்கு மேலே தூக்கி வைத்துக்கொண்டார்.

இன்றைக்கும் நான் எதைப்பற்றி அபிப்பிராயம் சொன்னாலும் என் மனைவி கேட்பது ஒன்றுதான்: "இது தோணிக்கு முந்தியா, பிந்தியா?"

இதை வாசித்துவிட்டும் அதையேதான் கேட்கிறாள்.