வெள்ளாட்டுப் பாட்டுக்கு ஏழு தகப்பன்மார்

ஒரு நாட்டின் எதிர்காலம் அதன் குழந்தைகளின் வாயில் இருக்கிறது. ஆகவே அந்த வாய்க்குள் என்ன பாட்டு இருக்கிறது என்று எட்டிப் பார்ப்பது அரசாங்கத்தின் கடமை. பனி உருகித் தெருவெல்லாம் சேறாய்க் கிடந்த ஒரு காலையில் இந்த உண்மை கோக்-அரிக் என்னும் மேய்ச்சல் நாட்டு ஊரின் பண்பாட்டு அலுவலகத்துக்குத் திடீரென்று விளங்கிவிட்டது. மதியத்துக்குள் சுற்றறிக்கை வந்தது. 'குடும்பங்கள் கூடிப் பாடத்தக்க தொன்மையான குழந்தைப் பாடல்கள்' என்று ஒரு தொகுப்பு வெளிவரப் போகிறது; அதில் இடம்பெறாத எந்தப் பாட்டையும் பாலர் பள்ளியில் பாடக்கூடாது.

பாலர் பள்ளியின் பாட்டு டீச்சர் கனிஷாய் அதை இரண்டு தடவை படித்தாள். அவளிடம் இருந்த வாண்டுகள் சூப்புக் கிண்ணத்தைக் கண்டால் வாயை இறுக்கிக்கொள்ளும். வெள்ளாட்டுப் பாட்டை எடுத்துவிட்டால் மட்டும் அத்தனை வாயும் திறக்கும்.

*வெள்ளாட்டுக் குட்டி துள்ளுது,*
*வீரன் தொப்பியை மெல்லுது,*
*மொட்டைத் தலையன் கத்துறான்,*
*குதிரை பார்த்துச் சிரிக்குது!*

இந்த நாலு வரி தொகுப்பில் ஏறாவிட்டால் சூப்பும் போச்சு, சிரிப்பும் போச்சு. அன்றே அலுவலகத்துக்கு ஓடினாள்.

தொகுப்புக் குழுவின் தலைவர் எசென்கான் பாட்டைக் கேட்டுவிட்டுக் கண்ணை மூடி யோசித்தார். "பாட்டு நல்லாத்தான் இருக்கு தங்கச்சி. ஆனா இது யாரு பெத்த பாட்டு?"

"எல்லாரும் பாடுறதுதான் அண்ணே. எங்கம்மா பாடினாங்க. அவங்களுக்கு அவங்கம்மா."

"அம்மாவெல்லாம் கணக்குல வராதும்மா. நம்ம ஊர்ல ஒருத்தனைப் பார்த்து நீ யாருன்னு கேட்டா, அப்பன், பாட்டன், பூட்டன்னு ஏழு தலைமுறையைச் சொல்லணும். சொல்லத் தெரியாதவன் அநாதை. மனுசனுக்கே அப்படின்னா பாட்டுக்கு? தொன்மைன்னு வேற போட்டிருக்கோம். இதைப் பாடின ஏழு தகப்பன்மார் பேரைச் சொல்லு, முத்திரை குத்திடுறேன்."

"எந்தத் தகப்பன் அண்ணே பிள்ளைக்குப் பாடினான்? எங்கப்பா மேய்ச்சல்ல இருந்து வந்தா பூட்ஸைக்கூடக் கழட்டாம குறட்டை விடுவாரு."

"புகுந்த வீட்டுல?"

கனிஷாய் முந்தானை இல்லாத குறையாகத் தலைத்துணியை இழுத்துவிட்டுக்கொண்டாள். "மாமனார் பேரை மருமக வாயால எப்படிண்ணே சொல்றது?"

"அதுவும் வாஸ்தவந்தான். மரபுக்காக ஒரு தொகுப்பு போடுறோம், அதுக்காக மரபை மீறலாமா? அவரையே அனுப்பி வை."

வினை அங்கேதான் பிடித்தது. மாமனார் போரோன்பாய் லாரி ஓட்டி ஓய்ந்தவர். குடித்தால் மட்டும் பாடுவார். அதுவும் பிள்ளைகள் காதில் விழக்கூடாத பாட்டு.

"மாமா, உங்களுக்கு வெள்ளாட்டுப் பாட்டு தெரியுமா?" என்று கேட்டாள்.

"எதுக்குத் தெரியணும் மருமகளே? பேருதானே கேட்டிருக்காங்க?" என்றவர், எசென்கான் முன்னால் போய் நின்று மூச்சு விடாமல் தம் ஏழு முன்னோர்களையும் ஒப்பித்தார். அரைமணி நேரத்தில் பாட்டுக்குக் குலம் கோத்திரம் எல்லாம் வந்துவிட்டது.

மறுநாள் மேலத்தெரு மாம்பெத் குதிரையை விட்டு இறங்காமலே அலுவலக வாசலில் கத்தினார். "போரோன்பாயோட பூட்டன் பிறவி ஊமைய்யா! ஊமை எப்படிய்யா பாடினான்? பாட்டு எங்க வம்சத்துது!"

"எங்க பூட்டன் மனசுக்குள்ள பாடினாருடா!" என்று உள்ளேயிருந்து போரோன்பாயின் பதில் வந்தது.

குழு அவசரமாகக் கூடி ஆராய்ந்து, 'மனத்துக்குள் பாடியதும் பாட்டே' என்று தீர்மானம் நிறைவேற்றியது. செய்தி பரவியதும் ஊரில் வாயுள்ள வம்சம், வாயில்லாத வம்சம் எல்லாமே மனத்துக்குள் பாடியிருந்தது தெரியவந்தது. ஆளாளுக்கு ஆட்டை வெட்டி, எசென்கானை வாசலுக்கு எதிரே உயர்ந்த இடத்தில் உட்கார வைத்து, விருந்தில் பெரியவருக்கே உரிய தலைக்கறியை அவர் முன் நீட்டினார்கள். வாழ்நாளில் தொட்டிலைத் தொட்டுப் பார்க்காத ஆண்கள், தங்கள் பாட்டனார் எப்படித் தாலாட்டினார் என்று கண்ணீர் விட்டார்கள். கடைசியில் பாட்டு எல்லா வம்சத்துக்கும் பொதுச்சொத்து என்று முடிவாயிற்று.

அப்போதுதான் மாம்பெத் ஒரு சந்தேகம் கிளப்பினார். "சரி, பாட்டு நம்ம முன்னோர் பாட்டு. அப்ப அந்த மொட்டைத் தலையன் யாரு?"

போரோன்பாயின் கை தானாகத் தம் வழுக்கைக்குப் போயிற்று.

"தொப்பிங்கிறது ஆணோட மானம். கீழே வைக்கவே கூடாதுங்கிறோம். அதை ஆடு மெல்லுறதா? குதிரை வேற சிரிக்குதா?" என்று எசென்கான் பேனாவைத் திறந்தார்.

முத்திரை பெற்ற பாடல் இவ்வாறு அமைந்தது: *மாண்புமிகு வெள்ளாடானது, மரபுவழி வந்த தொப்பியினை, உரியவரின் முன்அனுமதியுடன், முன்னங்கால்கள் இரண்டாலும் பெற்றுக்கொண்டது. அடர்ந்த முடியுடைய வீரர் மகிழ்ச்சி தெரிவித்தார். குதிரை இதனைக் கவனத்தில் கொண்டது.*

கனிஷாய் படித்துப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தாள். "அண்ணே, இதைப் பிள்ளைங்க எப்படிப் பாடும்?"

"பிள்ளைங்க ஏன் பாடணும்? ஏழு தலைமுறை வாரிசுங்க இருக்காங்கல்ல? அவங்க பாடுவாங்க."

வெளியீட்டு விழா அலுவலக முற்றத்தில் பெரிய கூடாரம் போட்டு நடந்தது. தகப்பன்மார் உயர்ந்த இடத்தில் மெத்தை விரித்து அமர்ந்தார்கள். தாய்மார் பின்கட்டில் விருந்துக்கு மாவு பிசைந்து சேமியாவாக நறுக்கிக்கொண்டிருந்தார்கள். பாலர் பள்ளிக் குழந்தைகள் நடுவில் வரிசையாக உட்கார வைக்கப்பட்டன. கனிஷாய் தன் இரண்டு வயது மகனை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஓரமாக நின்றாள். பிறந்ததிலிருந்து பகலில் கண்ணை மூடாத பிள்ளை அது.

எசென்கான் கையசைத்தார். தகப்பன்மார் எழுந்து, புத்தகத்தை மூக்குக்கு நேரே பிடித்து, ஒரே குரலில் தொடங்கினார்கள். "மாண்புமிகு வெள்ளாடானது..."

முதல் வரிசை கொட்டாவி விட்டது. 'முன்அனுமதி' வந்தபோது இரண்டாம் வரிசை சாய்ந்தது. குதிரை கவனத்தில் கொண்டபோது, கவனிக்க ஒரு குழந்தைகூட விழித்திருக்கவில்லை.

"அண்ணே, பிள்ளைங்க பாடல, தூங்குது!" என்றாள் கனிஷாய்.

"தூங்குற பிள்ளை தடை செஞ்ச பாட்டைப் பாடுமா? தொகுப்போட நோக்கம் நிறைவேறிடுச்சு தங்கச்சி" என்று எசென்கான் கைதட்ட, தகப்பன்மாரும் தட்டினார்கள். அந்தச் சத்தத்துக்கும் ஒரு குழந்தை அசையவில்லை.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாடிச் சிரிக்க வேண்டிய பிள்ளைகளை அடித்துப் போட்டதுபோல் கிடத்திவிட்டார்களே! விறுவிறுவென்று பின்கட்டுக்குப் போய்க் கத்தினாள். "அடியே, வாங்கடி வெளியே! உங்க பிள்ளைங்களுக்கு நடந்த அநியாயத்தை வந்து பாருங்க! நாலு வார்த்தை நறுக்குன்னு கேளுங்க!"

தாய்மார் மாவுக் கையோடு ஓடிவந்தார்கள். பார்த்தார்கள். அப்படியே நின்றுவிட்டார்கள்.

"பட்டப்பகல்லயா?" என்றாள் ஒருத்தி.

"அத்தனையுமா?" என்றாள் இன்னொருத்தி.

"நியாயம் கேளுங்கடி!" என்றாள் கனிஷாய்.

"ஸ்ஸ்... மெதுவா பேசுக்கா, எழுப்பிடாதே. இந்தப் புத்தகம் எங்க விக்கிறாங்க?"

புத்தகம் விற்கும் மேசையைச் சுற்றி ஒரே தள்ளுமுள்ளு. சத்தம் மட்டும் இல்லை. எல்லாரும் நுனிக்காலில் முண்டினார்கள். கனிஷாய் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். தோளில் ஈரம் பட்டது. திரும்பிப் பார்த்தால், மகன் வாயைப் பிளந்து எச்சில் வடியத் தூங்கிக்கொண்டிருந்தான்.

வாயை மூடிக்கொண்டு, அவளும் புத்தகம் வாங்கும் கூட்டத்தில் போய் நின்றாள்.