என் உடம்பில் படகுக்காரன் ரத்தம்

அன்பும் பண்பும் நிறைந்த மைத்துனருக்கு,

உன் அக்காள் கணவன் எழுதும் மடல். இங்கு அனைவரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், அந்தச் சொல் போதவில்லை. உன் அக்கா நலம். நான் அமோகம்! உன் வீட்டாரும் சௌக்கியம் என்று நானே வைத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன், பொறுமை இல்லை.

போன மாதம் பேருந்தில் ஒரு பெண்மணி எழுந்து நின்று, "உக்காருங்க தாத்தா" என்றார். மச்சான், அந்த அம்மாவுக்கே அறுபது இருக்கும்! முப்பத்தோரு வருடம் லிஃப்ட் பரிசோதகராக ஊரையே மேலும் கீழும் பத்திரமாக அனுப்பிவைத்தவன், உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டேன். அன்றைக்கே முடிவு செய்தேன். மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே நாலாவது மாடியில் 'இளமை மீட்பு நிலையம்' என்று ஒன்று திறந்திருக்கிறார்கள், இளைஞர்களின் ரத்தத்தை ஏற்றி வயதைத் திருப்புகிறார்களாம். எனக்கு ரத்தம் தரப்போகிறவனின் படத்தைக் காட்டினார் டாக்டர். இருபத்திரண்டு வயது, துடுப்புப் படகு வீரன், தோள் ஒவ்வொன்றும் கதவு அகலம்! "இவனேதான் வேணும்"னு சொல்லிட்டேன். போன செவ்வாய்க்கிழமை திரைக்கு இந்தப் பக்கம் படுத்தேன், உன் அக்கா வெளியே உட்கார்ந்திருந்தாள், பாட்டில் வந்தது, ஏறியது. பாதி ஏறும்போதே கால் கட்டைவிரல் துள்ள ஆரம்பிச்சிருச்சு மச்சான், சத்தியமா!

வீடு வந்ததும் லிஃப்ட்டைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் படியிலேயே ஆறு மாடியும் ஏறினேன். மூணாவது மாடிப் பேராசிரியை ஒரு வெங்காய மூட்டையை வச்சுக்கிட்டு மூச்சு வாங்க நின்னாங்க. "விடுங்கம்மா"ன்னு பிடுங்கித் தோளில் போட்டேன், போட்ட வேகத்துல மூட்டை கிழிஞ்சு, அத்தனை வெங்காயமும் தடதடன்னு கீழே வாசல் வரைக்கும் உருண்டு ஓடி, காவலாளி நாற்காலிமேல ஏறி நின்னுக்கிட்டார். அதனால என்ன? ஓடிப்போய்ப் பொறுக்கிக்கிட்டு மறுபடி ஏறினேன்! மறுநாள் முதியோர் பேருந்து அட்டையைத் திருப்பிக் கொடுக்கப் போனா, அங்கே எழுத்தர், "அட்டை வாங்கத்தான் படிவம் இருக்கு, திருப்பித் தர்றதுக்கு இல்ல சார்"ங்கிறார். "ஒண்ணு அச்சடிங்க, இனிமே நிறையப் பேர் வருவாங்க"ன்னு சொல்லிட்டு நேரா ஏரிக்கரைப் படகு சங்கத்துக்குப் போயிட்டேன். உள்ளே ஓடுறது படகு ரத்தமாச்சே, சொல்லியா தரணும்? துடுப்பைப் போட்டேன் பாரு, படகு அதே இடத்துல பம்பரமாச் சுத்துது, ஒரு துடுப்பு நழுவித் தனியா ஊர்வலம் போகுது, பயிற்சியாளர் கரையிலேர்ந்து கத்துறார்: "சார், திரும்பி உக்காருங்க! முதுகு காட்டித்தான் சார் போகணும்!" கயிறு கட்டித்தான் இழுத்து வந்தாங்க. ஆனா இறங்குறப்போ என் கையைப் பார்த்து, "பிடி நல்லா இருக்கு சார்"னார். ரத்தம் பேசுது மச்சான், ரத்தம்!

வீட்லயும் சும்மா இல்ல. பரணைச் சுத்தம் பண்ணினேன், பாத்திரம் தேய்ச்சேன், டீ போட்டேன், எதுக்கும் எரிஞ்சு விழல. ஒரே குறை உன் அக்காதான். செவ்வாய்க்கிழமையிலேர்ந்து தலை சுத்துதுன்னு படுத்திருக்கா. "எழுந்து வா, நடக்கப் போவோம்"னா, "நீங்க போங்க, உங்களுக்கென்ன"ங்கிறா. வயசாயிடுச்சு அவளுக்கு, பாவம். நீ சொன்னாத்தான் கேப்பா. அவளையும் ஒரு பாட்டில் ஏத்திக்கச் சொல்லு.

வழக்கப்படி நான்தான் உன்னை வாழ்த்தி முடிக்க வேண்டும். இப்போது நிலைமை மாறிவிட்டது. பெரியவராகிய நீங்கள் இந்தச் சிறுவனை மனமார ஆசீர்வதிக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்களைவிட இளையவன்

பி.கு.: தம்பி, இது அக்கா எழுதறது. தபால்ல போடச் சொல்லிக் கொடுத்தார், ஒட்டறதுக்கு முன்னாடி படிச்சுட்டேன். அந்தப் படகுக்காரப் பையன் ஊசியைப் பார்த்ததுமே மயங்கி விழுந்துட்டான். எழுந்தவன் செருப்பைக்கூடப் போடாம ஓடிட்டான். டாக்டர் கையைப் பிசைஞ்சுக்கிட்டு நிக்கறார், திரைக்கு அந்தப் பக்கம் உன் மாமா, "ஆச்சா? வந்துட்டானா?"ன்னு குழந்தை மாதிரி கேட்டுக்கிட்டே இருக்கார். பஸ்ல அந்த அம்மா எழுந்து இடம் கொடுத்த நாள்லேர்ந்து அந்த மனுஷன் ஒழுங்கா ஒரு வாய் சாப்பிடலடா. அந்த முகத்தோட வீட்டுக்குத் திருப்பிக் கூட்டிட்டு வர எனக்கு மனசு வரல. துணைக்குப் போன எனக்கும் அதுக்கு முந்தின வாரமே ரத்தம் பார்த்திருந்தாங்க, ஒரே குரூப். "எடுத்துக்கங்க"ன்னு கையை நீட்டிட்டேன். இப்போ அவருக்குள்ள குதிக்கிறது என்னோட அம்பத்தொம்பது வயசு ரத்தம். மூச்சு விடாதே. கல்யாணமாகி முப்பத்தஞ்சு வருஷத்துல இப்பத்தான் மனுஷன் எனக்கு டீ போட்டுக் கொடுத்திருக்கார். ஆனா அடுத்த மாசம் ரெண்டாவது பாட்டிலாம், என்னால முடியாது. உனக்கும் இதே குரூப்தானே? ஒரு நாள் லீவு போட்டுட்டு, நல்லா சாப்பிட்டுட்டு வா.