எங்கள் தேயிலையைத் திட்டிய வம்பண்ணன்

எங்கள் மலையில் வம்பண்ணனோடு சண்டை போடாமல் ஆபரேஷனுக்குப் போனவர் ஒருவர்கூடக் கிடையாது. மலையாட்கள் இறங்கிப் போகும் அடிவாரத்து ஆஸ்பத்திரியில் தள்ளுகட்டில் தள்ளுவது அவர் வேலை. சொந்த ஊர் எங்கள் மலையிலேயே இருக்கும் ரிங்லெட். சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும்.

பக்கத்துப் பெர்த்தாம் பள்ளத்தாக்கின் காய்கறித் தோட்டக்காரர் ஒருவர் ஆபரேஷனுக்குப் படுத்திருந்தார். "ஒங்க தக்காளிய ஆடுகூட மோந்து பாக்காது லா" என்றார் வம்பண்ணன், எங்கள் பக்கத்து வழக்கப்படி கடைசியில் ஒரு 'லா' ஒட்டி. துள்ளி எழுந்த மனிதரை நர்ஸ்கள் பிடித்துப் படுக்கவைத்தார்கள். இந்த ஆளை எப்படி வேலையில் வைத்திருக்கிறார்கள் என்று எனக்கு விளங்கவேயில்லை.

பிறகு என் அம்மாவின் முறை வந்தது. பித்தப்பையில் கல். இனியும் தள்ளிப்போட்டால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொல்லிவிட்டார். தள்ளுகட்டிலில் படுத்த அம்மாவோ சுவரோரக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம்யா, வீட்டுக்கே போயிடலாம். உள்ள போனா நான் திரும்ப மாட்டேன்."

நான் கெஞ்சினேன், டாக்டர் கெஞ்சினார். அம்மா கையை விடவில்லை. அப்போதுதான் வம்பண்ணன் வந்து சேர்ந்தார்.

"எந்த எஸ்டேட்டு, அக்கா?"

அம்மா அழுகையோடு எங்கள் தேயிலைத் தோட்டத்தின் பெயரைச் சொன்னார்.

"அதுவா? அந்தத் தேத்தண்ணிக்கு சட்டி கழுவுன தண்ணி தேவல லா."

காலமெல்லாம் கொழுந்து கிள்ளிய கை கம்பியை விட்டது. விரலை நீட்டித் திட்ட வேண்டுமே!

"எவன்டா சொன்னான்? தண்ணிய ஒழுங்கா கொதிக்க வச்சியா நீ?"

"நல்லாத்தான் கொதிச்சுச்சு. மாட்டு வாடைதான் வந்துச்சு."

கட்டில் நகர்ந்தது. அம்மா கத்திக்கொண்டே உள்ளே போனார். கதவு மூடிய பிறகும் குரல் கேட்டது. அவமானப்படுத்திவிட்டானே என்று எனக்குக் கோபம். உள்ளே போய்விட்டாரே என்று நிம்மதி. எதைக் காட்டுவதென்று தெரியாமல் நின்றேன்.

கண் விழித்த அம்மா என்னைத் தேடவில்லை. "எங்க அவன்?" என்றுதான் கேட்டார்.

வம்பண்ணனைத் தேடிப் பிடித்தேன். "அண்ணே, அம்மா பயத்த மறக்கணும்னுதான அப்படிச் சொன்னீங்க?"

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "என்ன பயம்? அந்தத் தேத்தண்ணி நெசமாவே மோசம் லா."

செக்கப்புக்குப் போனபோது அம்மா ஒரு பிளாஸ்க் நிறைய எங்கள் தேயிலையில் தேத்தண்ணி போட்டு எடுத்துப் போனார். முழுவதையும் குடித்துவிட்டு, "அப்படியேதான்க்கா இருக்கு" என்றார் வம்பண்ணன்.

அவர் நல்லவரா, வெறும் வம்பரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஆனால் நாளைக்கு எனக்கு ஆபரேஷன்; நான் படுக்கப்போகும் கட்டிலை அவர்தான் தள்ள வேண்டும். எங்கள் தேயிலையை வாய் நிறையத் திட்டிக்கொண்டே தள்ள வேண்டும்.