ஐந்து கிலோமீட்டர் கருணை

கால் விரல் இடுக்கு ஒவ்வொன்றிலும் வாஸ்லைன் தடவி, பனியன் உரசுகிற இடங்களில் பிளாஸ்திரி ஒட்டி, எண் அட்டையை நான்கு ஊக்குகளால் கோணாமல் குத்தி, கடைசியாகக் கைக்கடிகாரத்தைத் துடைக்கின்றன அந்தக் கைகள். போருக்கு அல்ல. ஐயப்பன்தாங்கல் பஸ் டிப்போவிலிருந்து மாங்காடு வரை ஓடத்தான். ஆளின் பெயர் லோகநாதன். இனத்தின் பெயர் தரும ஓட்டக்காரர். அடுக்குமாடிக்கு ஒருவராவது இருப்பார். உங்களுக்குத் தெரியாமலிருக்க அவர் விடமாட்டார்.

இந்த இனம் தனக்காக ஓடுவதேயில்லை. போன வருஷம் ஏரிக்காக ஓடியது, அதற்கு முன் சிட்டுக்குருவிக்காக. இந்த முறை கனிமொழிக்காக. அபூர்வமான தசைநோயால் சக்கர நாற்காலியில் இருக்கும் பத்து வயதுப் பெண். அவள் மருந்துக்கு நிதி திரட்ட எல்லார் பனியனிலும் அவள் முகம். முகத்தைக் கொடுக்க அவள் ஒரே நிபந்தனைதான் போட்டாள்: முடிவுக் கோட்டில் ரிப்பனை முதலில் அறுப்பது அவளாக இருக்க வேண்டும். பந்தயத்தில் அவள் இதுவரை யாரையும் ஜெயித்ததில்லை.

நாற்காலியைத் தள்ளும் பெருமையை லோகநாதன் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. அவர்கள் இருவரையும் மற்றவர்களுக்கு முன்பே கொடியசைத்து அனுப்பினார்கள். ஓடி முடித்து மைக்கில் பேசும்போது தடுமாறக் கூடாதென்று நோயின் பெயரை முணுமுணுத்துக்கொண்டே ஓடினார். பாதி வழியில் பெயர் போய் இரைப்பு மட்டும் மிஞ்சியது.

"இன்னா அங்கிள், நான் வோணா எறங்கி தள்ளட்டா?" என்றாள் கனிமொழி.

மாங்காட்டில் ரிப்பன் தெரிந்தது, பக்கத்தில் அவள் அம்மா சுலோசனாவும். கனிமொழி முடிந்தவரை நிமிர்ந்து உட்கார்ந்தாள். அப்போதுதான் லோகநாதன், ஓடிய தூரத்தையும் அளந்து காட்டும் தன் கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து கிலோமீட்டருக்கு எண்பது மீட்டர் குறைகிறது. கடிகாரம் ஒப்புக்கொள்ளாத கருணை என்ன கருணை? நாற்காலியைத் திருப்பி வட்டம் போட ஆரம்பித்தார்.

"லைன் அங்க கீது அங்கிள்."

"ஒரே ரவுண்டு, பாப்பா."

பின்னால் பி பிளாக் ஹேமநாதன் வந்துகொண்டிருந்தார், நெஞ்சில் கனிமொழியின் முகத்தோடு, ரிப்பனைக் குறிவைத்து. சுலோசனா குறுக்கே பாய்ந்து கைப்பிடியைப் பிடித்தாள்.

"உடு சார். நீ சுத்திகினே இரு."

செருப்புக் காலோடு தள்ளினாள். ஹேமநாதனுக்கு ஒரு முழம் முன்னால் ரிப்பன் அறுந்தது. கனிமொழி திரும்பிப் பார்த்து, தோற்றுப்போன தன் முகத்துக்குக் கையாட்டினாள். லோகநாதன் அதைப் பார்க்கவில்லை. சுற்றிக்கொண்டிருந்தார்.

ஒருவழியாகக் கடிகாரத்தில் சரியாக ஐந்து வந்தது. அதைப் படமெடுத்து, 'கனிமொழிக்காக' என்று எழுதி, கும்பிடும் கைகளைச் சேர்த்து எல்லாருக்கும் அனுப்பி வைத்தார். உங்களுக்கும் வந்ததே? உட்கார்ந்த இடத்தை விட்டு அசையாமல் ஒரு சிவப்பு இதயத்தைத் தட்டிவிட்டு, நல்ல காரியம் செய்த களைப்பில் காபி குடித்தீர்களே, அது எந்த இனம்?