ஆளில்லாத் தீவுக்குப் பன்னிரண்டு டிக்கெட்

தாராவி, மும்பை - 17
ஆனி மாதக் கடைசி

மதிப்புக்குரிய சம்பந்தி சுடலைக்கண்ணன் அவர்களுக்கு,

தாராவியிலிருந்து சுயம்பு சொல்லச் சொல்ல எழுதிய கடிதம். ஒழுகும் கூரை நீங்கலாக இங்கே எல்லோரும் சுகம். அங்கே நீங்களும் உங்கள் வீட்டம்மாவும், கல்யாணப் பந்தலுக்குள் புகுந்து என் வேட்டியைத் தின்ற அந்தச் செவலைக் கன்றுக்குட்டியும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் எதுவும் மறக்காது. அன்றைக்கு இரண்டாம் பந்தியில் எங்கள் வரிசைக்கு மட்டும் பாயசம் வரவில்லை. அதைப் பற்றி நான் இப்போது பேச வரவில்லை.

போனில் சொல்லாமல் கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். நீங்கள் டீக்கடையில் போனை ஸ்பீக்கரில் போட்டுப் பேசுகிறவர். நான் இங்கே இருமினால் அங்கே ஊரே மருந்து சொல்கிறது. இந்த விஷயம் ஊருக்கானது இல்லை. எங்கள் வீட்டில் தமிழ் எழுதத் தெரிந்த ஒரே ஆள் உங்கள் மகள் மாரீஸ்வரி. என் பேரன் செல்வம் ஐரோலியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் பெரிய உத்தியோகம்தான், ஆனால் தமிழ் பஸ் போர்டைப் படிப்பதற்குள் பஸ் போய்விடும். ஆகவே உங்கள் மகளைப் பற்றி உங்களிடம் செய்யும் புகாரை உங்கள் மகளே எழுதுகிறாள். பக்கத்தில் என் வீட்டுக்காரி சொர்ணம்மாள் காதைத் தீட்டிக்கொண்டு பூண்டு உரிக்கிறாள்.

விஷயம் இதுதான். கல்யாணம் ஆன மூன்றாம் வாரம் செல்வம் ஹனிமூன் போகிறேன் என்றான். போயேன், மகாபலேஷ்வர் இருக்கிறது, லோனாவலா இருக்கிறது. இல்லையாம். அந்தமான் பக்கம் ஏதோ ஒரு பொடித் தீவாம். "தாத்தா, அங்க கரண்ட் கிடையாது, ரோடு கிடையாது, நெட்வொர்க் கிடையாது. ஆளே கிடையாது. ஏக்தம் காலி!" என்று பல்லெல்லாம் தெரியச் சொல்கிறான். சாமான் ஏற்றி வரும் படகு வாரத்துக்கு ஒன்று. மழைக்காலத்தில் அதுவும் வந்தால் வரும். இதெல்லாம் அந்த இடத்தின் குறை என்று நான் நினைத்தேன். அதற்குத்தான் காசாம்.

எனக்கு வந்த ஆத்திரத்தைக் கேளுங்கள். "ஏலே, கரண்டு இல்ல, தண்ணி இல்ல, ரோடு இல்ல, கக்கூசும் இல்லங்கிற எடத்துல நானும் உங்க ஆச்சியும் குடித்தனம் பண்ணிருக்கோம்லே. கடல் பொங்கி வேலியேத்தத் தண்ணி வீட்டுக்குள்ள வந்து சோத்துப் பானைய மெதக்க விடும். அதுக்குப் பேரு தாராவி. எவனும் எங்களுக்கு ஹனிமூன்னு சொல்லலியே?" என்றேன். அதற்கு அவன், "உங்களுக்கு ஆளில்லாம இருந்துச்சா தாத்தா?" என்றான். ஒரே அறையில் எங்கள் இரண்டு பேரோடு எங்கள் ஊர்க்காரர்கள் ஒன்பது பேர் படுத்திருந்தார்கள். ஒவ்வொருவனின் குறட்டையும் எனக்கு இன்னும் தனித்தனியாக ஞாபகம் இருக்கிறது.

சரி, போகட்டும் என்று வீட்டில் பேசி முடிவெடுத்தோம். புதுப்பெண்ணை ஆளில்லாத இடத்துக்குத் தனியாக அனுப்பலாமா? சமைக்கச் சொர்ணம் வருவாள். அவளுக்குத் துணையாக என் மகளும் அவள் பிள்ளைகளும் வருவார்கள். மருமகள் வராமல் இருப்பாளா, மகன் வராமல் இருப்பானா? சாஸ்தா கோயிலுக்கு வேன் பிடிக்கும்போது எப்படி ஆள் சேருமோ அப்படிச் சேர்ந்துவிட்டது. நானே மாட்டுங்காவுக்குப் போய், டிக்கெட் எடுத்துக் கொடுக்கும் பத்ரிநாராயணன் என்கிறவர் முன்னால் உட்கார்ந்து, "சார், ஆளில்லாத தீவுக்கு ஹனிமூன் டிக்கெட் பன்னெண்டு" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பெரியவரே, ஹனிமூனுக்கு ரெண்டு பேர்தான் போவா."

"அந்த ரெண்டு பேருக்கும் சோறு வடிக்கத் தெரியாதே சார்."

"அதுக்காக ஆத்துல இருக்கறவா எல்லாரும் போவாளா? பன்னெண்டு பேர் எறங்கினப்புறம் அது என்னமா ஆளில்லாத தீவா இருக்கும்?"

அவர் கேட்டதிலும் ஒரு நியாயம் இருந்தது. வீட்டில் வந்து சொன்னேன். அவரவர் தன்னைத் தவிர மற்றவர்கள் நின்றுகொள்ளலாம் என்றார்கள்.

இதற்குள் எதிர்ப் பட்டறைக் கலீலுல்லாவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. "அங்க லாட்ஜ் கிடையாதாம், கூடாரந்தானாம். கல்யாணத்துக்கு நான் ஒண்ணும் செய்யல்ல சுயம்பண்ணே, இது என் சீரு" என்று மிச்சம் கிடந்த ரெக்சினில் ஒரு கூடாரம் தைத்துக் கொண்டுவந்தான். ஆயுசு முழுக்கப் பை தைத்த கை அல்லவா? கூடாரத்துக்கு இரண்டு பக்கமும் கைப்பிடி, நடுவில் ஜிப், உள்ளே சில்லறை போட ஒரு பாக்கெட், தோளில் மாட்ட நீளமாக ஒரு வார். ஏழடி உயர மனுஷன் யாராவது இருந்தால் அதை மாட்டிக்கொண்டு ஆபீஸ் போகலாம்.

போன ஞாயிற்றுக்கிழமை, சந்து முனையில் பிள்ளையார் பந்தல் போடும் இடத்தில் அதை நட்டுப் பார்த்தோம். நட்டு முடித்ததும் வானம் பிளந்துகொண்டது. கூடாரத்தைச் சோதிக்க வந்த சந்து முழுக்கக் கூடாரத்துக்குள் போய்விட்டது. சொர்ணம் போனாள், கலீலுல்லா போனான், இட்லிக்காரம்மா அண்டாவோடு போனாள், எவனென்றே தெரியாத ஒரு கூரியர்காரன் போனான். ஒரு மூலையில் சீட்டுக் கச்சேரியே தொடங்கிவிட்டது. யாரோ ஜிப்பையும் இழுத்து மூடிவிட்டார்கள். உள்ளே மூச்சு முட்டியது. நான் கைப்பிடி பக்கம் இருந்த பொத்தல் வழியாக வெளியே பார்த்தேன். செல்வமும் மாரீஸ்வரியும் ஒரு குடைக்குக் கீழே நின்றுகொண்டிருந்தார்கள். சந்தில் வேறு ஒரு ஈ காக்காய் இல்லை. என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை.

(இந்த இடத்தில் உங்கள் மகள் பேனாவை வைத்துவிட்டுச் சேலைத் தலைப்பைக் கடிக்கிறாள். எழுது பிள்ளே.)

அன்றைக்கே சொர்ணம் தீர்ப்புச் சொல்லிவிட்டாள். "ஆடி பொறக்கப் போவுது. தலை ஆடிக்குப் பொண்ணு அம்மா வீட்டுல இருக்கணும். தீவாவது தீவட்டியாவது!" செல்வத்துக்கு லீவு கிடைத்ததோ ஆடியில்தான். அதை விட்டால் அடுத்த வருஷம்தானாம். புதுசாகக் கல்யாணமானவர்கள் படுக்க ஒதுக்கிக் கொடுத்த பரணில் ஏறிப் போய்ப் படுத்தவன் சாப்பிட இறங்கவில்லை. உங்கள் மகள் கழுவிய பாத்திரத்தையே திரும்பத் திரும்பக் கழுவுகிறாள். ஆனாலும் முறை முறைதானே? ஆகவே சம்பந்தியாரே, ஆடி பிறக்கும் முன்னே சீர் தட்டோடு வந்து உங்கள் பெண்ணை அழைத்துக்கொண்டு போங்கள். அந்தத் தீவுப் பைத்தியத்தை நீங்களும் நாலு வார்த்தை கண்டித்துத் தெளிய வையுங்கள். ஆடி முடிந்து ஆவணியில் கொண்டுவந்து விட்டால் போதும்.

வீட்டில் சிறியவர்களுக்கு எங்கள் ஆசீர்வாதம். பெரியவர்களுக்கு எங்கள் கும்பிடு. கன்றுக்குட்டிக்கு இரண்டும் கிடையாது.

இப்படிக்கு,
சுயம்பு (கைநாட்டு)

பின்குறிப்பு: மேலே உள்ளதை மாரீஸ்வரி உரக்கப் படித்துக் காட்டினாள். சொர்ணம் கேட்டுத் தலையாட்டினாள். இப்போது குழாயில் தண்ணீர் வந்துவிட்டது, குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறாள். ஆகவே சீக்கிரம் சொல்கிறேன். மேலே கடைசியாகக் கேட்டுக்கொண்டதில் உங்களை வரச் சொன்னது மட்டும் நிஜம். மற்றதெல்லாம் பூண்டு உரித்த காதுக்காகச் சொன்னது.

தட்டோடு வாருங்கள், சந்தே பார்க்கும்படி வாருங்கள், பெண்ணை அழைத்துப் போங்கள். ஆடியில் பெண் தாய் வீட்டுக்குப் போனாள் என்றால் ஏன் என்று எவனும் கேட்க மாட்டான். இரண்டு நாள் கழித்துச் செல்வம் ஆபீஸ் வேலையாக வெளியூர் போகிறேன் என்று கிளம்பி உங்கள் ஊருக்கு வருவான். ஆடியில் மாப்பிள்ளை வாசல் மிதிக்கக் கூடாது என்று உங்கள் வீட்டம்மா சொன்னால் அவன் தெருவிலேயே நிற்கட்டும். பெண் வெளியே வந்தால் போதும். அங்கிருந்து தீவுக்கு வழி அவனுக்குத் தெரியும். ஆடியில் சேர்ந்திருந்தால் சித்திரையில் பிள்ளை பிறக்கும், வெயிலில் தாய்க்குக் கஷ்டம் என்பார்கள். பம்பாயில் எந்த மாதம் வேர்க்கவில்லை? (இதை எழுத மாட்டேன் என்றாள். எழுதிவிட்டாள்.)

ஏன் கிழவனுக்கு இந்த வேலை என்று கேட்காதீர்கள். பரணுக்கு நேர் கீழே படுப்பவன் நான். மேலே இரண்டு பேரும் சிரிப்பை அடக்குவது எனக்குக் கேட்கும். எங்கள் காலத்தில் நானும் சொர்ணமும் சயான் ஆஸ்பத்திரிக்குப் போவோம். யாருக்கும் சீக்கு கிடையாது. வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தால் ஏன் உட்கார்ந்தாய் என்று எவனும் கேட்க மாட்டான், அதற்காக. சுற்றிலும் அழுதுகொண்டிருப்பார்கள், நாங்கள் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்போம். ஒரு நர்ஸம்மா எங்களுக்காகப் பரிதாபப்பட்டு டீ வாங்கித் தந்தாள். சொர்ணம் அதையெல்லாம் மறந்துவிட்டாள். இல்லாவிட்டால் இந்தப் பிள்ளைகளிடம் ஆடி, கீடி என்று பேசுவாளா?

இன்னொரு பின்குறிப்பு: சொர்ணம் வந்துவிட்டாள். குடத்தை இறக்கிவைத்துக் கடிதத்தைப் பார்த்து, "காயிதம் என்ன, வளந்துட்டு?" என்றாள். அவளுக்கும் படிக்கத் தெரியாது. "எல்லாரையும் விசாரிச்சேன்னு எழுதச் சொன்னேன்" என்றேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. மாரீஸ்வரியிடம்தான் சொன்னாள். சொன்னபடியே எழுதச் சொல்கிறேன்:

"ஏட்டி மாரி, உங்கப்பாவ சீர் தட்டு பெருசா கொண்டாரச் சொல்லு. திரும்பிப் போவும்போது அதுக்கடியில அந்தக் கூடாரத்த வச்சிக் கொண்டுபோவட்டும். கொசுவுக்கு வேப்பெண்ணெ வாங்கிக் குடுக்கச் சொல்லு. படகு வரலன்னா பதறாதீய, மெல்ல வாங்க. எப்படிப் பாத்தாலும் ஆஸ்பத்திரி பெஞ்சுக்கு அது தேவலாம்."