தேய்மானம் முதலாளியும் நடுரோட்டு மிஷினும்

மனைவியைவிட வருமான வரிச் சட்டத்தை அதிகமாக நேசித்த ஒரே மனிதர் எங்கள் முதலாளிதான். இதைச் சொன்னவரே அவருடைய மனைவிதான். அம்பத்தூர் எஸ்டேட்டில் இரும்பு உதிரிபாகம் செய்யும் அவருடைய பட்டறையில் நான் கணக்கு எழுதினேன். அவருக்கு ஊர் வைத்த பெயர் ‘தேய்மானம்’.

மிஷின் பழசாக ஆக மதிப்பு குறையும். தேய்மானம் என்ற அந்தக் குறைவை லாபத்திலிருந்து கழித்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. அதை நினைத்தாலே அவருக்குப் புல்லரிக்கும். "தேய்றதுக்கு மரியாத குடுக்குற சட்டம், நைனா!" என்பார். மருமகனுக்குச் சொட்டை விழுந்தபோதுகூட, "வருசத்துக்குப் பதினஞ்சு பர்சென்ட் போவுதுப்பா" என்றுதான் கவலைப்பட்டார்.

ஒரு வருடம் பெரிய துளைபோடும் மிஷின் வாங்கினார். அக்டோபர் தொடக்கத்துக்குள் ஓடவிட்டால் முழுக் கழிவு. தாண்டினால் அந்த வருடத்துக்குப் பாதிதான். தீபாவளி போனஸும் அதை நம்பித்தான் இருந்தது. கடைசி நாள் மதியம், மிஷின் வந்த லாரி குமணன்சாவடி நெரிசலில் மாட்டிக்கொண்டது.

"லாரி வரலன்னா இன்னா? நாம போலாம், ஏறு!"

என்னைப் பைக்கில் வைத்துக்கொண்டு பறந்தார். அங்கே ஒரு கல்யாண மண்டபத்து ஜெனரேட்டரை வாடகைக்குப் பிடித்தார். லாரி மேலேயே மிஷினுக்கு உயிர் வந்துவிட்டது!

போக்குவரத்துக் காவலர் ஓடிவந்தார். "யோவ், இன்னாயா பண்ணிக்கினு கீற?"

"இன்கம் டாக்ஸ், சார்!"

வரி அதிகாரி என்று நினைத்தாரோ என்னவோ, காவலர் விறைப்பாக நின்றுவிட்டார்.

பக்கத்தில் பைக்கில் இருந்தவர், "அண்ணாத்தே, அப்டியே என் நம்பர் பிளேட்டுக்கு ரெண்டு ஓட்ட போடேன்" என்றார். முதலாளி போட்டுக் கொடுத்தார். பைக்காரர் காசை நீட்டியதும் பதறினார்: "வோணாம் மாமே, ஜிஎஸ்டி வந்துரும்!"

வாயைப் பிளந்தபடி நான் வீடியோ எடுத்தேன்.

மறுநாள் அதைப் பார்த்த ஆடிட்டர் அம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "லாரி மேல ஓட்டினதெல்லாம் செல்லாதுங்க. பட்டறையில பொருத்தி ஓட்டணும். இந்த வருஷம் பாதிதான்."

முதலாளி ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்து முடித்தார். அப்புறம் என்னிடம், "எல்லாருக்கும் போனஸ் இன்னிக்கே போட்டுரு" என்றார்.

"முழுசாவா முதலாளி? கழிவு பாதிதானே?"

"பாதி மிஷினுக்குத்தான்யா. உங்க ஊட்டுப் புள்ளைங்களுக்கு இன்னா, பாதி சட்டையா தெச்சுக் குடுப்பீங்க?"

அந்தத் தீபாவளிக்கு நான் எடுத்த நீலச் சட்டை காலர் நைந்து, பட்டன் தெறித்து, சாயம் போய்விட்டது. தூக்கிப்போட இன்னும் மனசு வரவில்லை.